புறங்கை

...இல்லை, வலையைக் கழுவிக் காயவைத்துத்தான் மாட்டினான், அதில் சந்தேகமே இல்லை, வெளியே இருக்கும் பெட்டியையும் முன்னும் பின்னும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான், அழுக்கு கறுகறுவென்று பால்கனி ஓட்டை வழியாக இறங்கிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது, பிறகென்ன, பிறகு ஏன் ஏசி குளிரவே இல்லை என்கிறார்கள், மூன்று நாள்தானே ஆகிறது, மூன்று நாளில் ஒரு மிஷினுக்கு என்ன வந்துவிடும்... மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். மதியம் இரண்டரை மணி வெயில் மாடிப்படி ஜன்னல் வழியாகப் படிகளின் மேல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கருவிப் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறினான். பார்த்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. கால் படியில் முழுதாகப் பதிந்ததா, பாதி அந்தரத்தில் நிற்கிறதா என்பதைக் காலே சொன்ன காலம் ஒன்று இருந்தது, இப்போது கண் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். போன மாதம் கடைத்தெருவில் இடது செருப்பு எங்கோ கழன்று நின்றுவிட்டது, அவன் மட்டும் நடந்து வந்துவிட்டான். பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, செருப்பு வேணாமா?" என்று கத்தியபோதுதான் குனிந்து பார்த்தான். ஒற்றைச் செருப்போடு எவ்வளவு தூரம் வந்திருப்பான்? தெரியாது. தார் ரோடு அந்த வெயிலில் என்ன கொதி கொதித்திருக்கும்? அதுவும் தெரியாது. அன்றைக்கு வெட்கமாகக்கூட இல்லை, அதுதான் விசித்திரம், யாரோ ஒருவனின் செருப்பை எடுத்து வருவதுபோல எடுத்து வந்து போட்டுக்கொண்டான்.

இருபத்தாறு வருஷத்தில் சர்வீஸ் செய்த வீட்டிலிருந்து மூன்றாம் நாளே திரும்பக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. போனில் அந்தப் பெரியவர் கோபமாகப் பேசவில்லை, கோபமாகப் பேசியிருந்தால் தேவலை, "நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து முன்னாடி இருந்த குளிர்ச்சியும் இல்லீங்க" என்று கவலையாகச் சொன்னார். முன்னாடி இருந்ததும் இல்லை... நன்றாக இருந்ததை அவன் போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? கூடத் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள். அவர்கள் மத்தியில் அவனுக்கு 'டிகிரி' என்று பெயர். பத்தாம் வகுப்பு தாண்டாத ஒருவனுக்குப் பரீட்சை இல்லாமல் டிகிரி கொடுத்தார்கள் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஏசியின் வாய்க்கு நேரே புறங்கையை நீட்டி, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் நின்று, "பதினொண்ணு" என்பான், மீட்டர் வைத்துப் பார்த்தால் பதினொன்று, மிஞ்சிப் போனால் பதினொன்றரை. உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, அது பொய் சொல்லும், புறங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். காலையில் மனைவி கேட்டாள், "போன வீட்டுக்கே ஏன் மறுபடியும்?" அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வருகிறாளோ என்னவோ, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பேச்சு இருந்தால் அதிகம். அதில் ஒன்றை இதற்குச் செலவழித்திருக்கிறாள். "சும்மா, ஒரு தடவை பாத்துட்டு வரேன்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர், போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டார், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே கழிந்த ஆயுள். இப்போதும் சட்டைப் பையில் பேனா, கையில் ஒரு நீளமான நோட்டு, இன்னொரு கையில் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு தெர்மாமீட்டர்.

"வாங்க வாங்க. குத்தம் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

உள்ளறையில் அவருடைய மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கண்ணின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். வேர்வை கண்ணுக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் கிடப்பில் கிடந்த ஏசியைச் சர்வீஸ் செய்யவே கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் கழுத்தில் ஒரு துண்டு, கையில் மருந்து டப்பாவின் அட்டை, அதால் விசிறிக்கொண்டிருந்தார். மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ரிமோட்டில் இருபத்திரண்டு, குளிர்ச்சிக்கான பனிப்பூப் படமும் சரியாகவே தெரிந்தது, விசிறிப் படம் இல்லை, அதாவது ரிமோட்டில் கோளாறு இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது. கதவிடுக்கில் பழைய துணி செருகியிருக்கிறது. டைம்கீப்பர் எல்லாவற்றையும் செய்திருக்கிறார், செய்ய வேண்டிய ஒருவன்தான்...

"நீங்களே கைய வச்சுப் பாருங்க. அன்னிக்கு வச்சீங்கல்ல, அதே மாதிரி" என்றார் டைம்கீப்பர்.

ஸ்டூலில் ஏறினான். வலது புறங்கையை நீட்டினான். காற்று வருகிறது. வருகிறது என்பது தெரிகிறது, மணிக்கட்டுக்கு மேலே ரோமங்கள் சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, விரல் பக்கம் ஏதோ பஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்ட மாதிரி, கையுறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பஞ்சுக்குத்தான் தெரியும்... இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. என்ன சொல்வது? அன்றைக்கு என்ன சொன்னான்? பன்னிரண்டு என்று சொன்னான் போலிருக்கிறது. எதை வைத்துச் சொன்னான்? சர்வீஸ் முடிந்த ஏசி பன்னிரண்டு இருக்கும், அதனால் பன்னிரண்டு. அவ்வளவுதான். கை நீட்டியது பழக்கத்துக்கு, பதில் வந்தது வாயிலிருந்து.

"பதினாலு இருக்கும் சார்" என்றான்.

டைம்கீப்பர் தெர்மாமீட்டரை நீட்டினார். அவனே வாங்கி ஏசியின் வாயில் பிடித்தான். சிவப்புக் கோடு நகர்வதற்கு நேரம் எடுத்தது, மூன்று பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். இருபத்துநாலு. ஒருவேளை அது பழசாக இருக்கும், ஒருவேளை அது ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டிவிட்டுப் பார்த்தான், இருபத்துநாலு. பதினாலுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவே பத்து டிகிரி. பத்து டிகிரி என்றால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், ஒரு பூனை கண்டுபிடித்துவிடும், கண்ணில் மூடி போட்ட இந்த அம்மா கட்டிலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

"கேஸ் கம்மியா இருக்கும் சார்" என்றது அவனுடைய குரல்.

இந்தச் சொல் எப்படி வாயில் வந்தது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எந்த ஏசியைப் பார்த்தாலும் கேஸ் போச்சு என்று சொல்கிற ஆட்களைப் பார்த்து எத்தனை வருஷம் சிரித்திருக்கிறான், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி இவன்கள் கேஸ் என்கிறான்கள் என்று எத்தனை கேலி. அழுக்கைக் கழுவினால் கேஸ் எங்கே போகும்? குழாயைக் கழற்றவே இல்லையே. சொன்ன சொல் அறையில் அப்படியே நின்றது, வெட்கம் வரும் என்று காத்துப் பார்த்தான், வரவில்லை, அதற்குப் பதிலாகக் களைப்பு வந்தது.

"கேஸ் கம்மின்னா விட்டு விட்டு ஓடுமா?" என்று டைம்கீப்பர் நோட்டைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார். "நேத்து காலைல ஒம்பது அஞ்சுக்கு வெளிப்பெட்டி ஓட ஆரம்பிக்குது. ஒம்பது ஒம்பதுக்கு நின்னுடுது. ஒம்பது பதினஞ்சுக்கு மறுபடி ஓடுது. ஒம்பது பத்தொம்பதுக்கு நிக்குது. நாள் பூரா இதே கதைதான். நாலு நிமிஷம் வேலை, ஆறு நிமிஷம் ரெஸ்ட்."

"இவருக்கு வேற வேலை இல்ல தம்பி" என்றார் அந்த அம்மா. "எனக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட நேரம் தெரியாது, பெட்டி எப்ப நிக்குதுன்னு மட்டும் தெரியும்."

"மருந்தும் எழுதி வச்சிருக்கேன், அடுத்த பக்கத்துல" என்றார் அவர்.

நாலு நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, இருபத்தாறு வருஷத் தலை அது, கைதான் போயிருக்கிறது, தலை போகவில்லை. அறை முப்பத்தொன்றில் கொதிக்கிறது, ஆனால் அறை குளிர்ந்துவிட்டது என்று மிஷினுக்கு யாரோ சொல்கிறார்கள், அதுவும் நம்பி வெளிப்பெட்டியை நிறுத்திவிடுகிறது, விசிறி மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. யார் சொல்வது என்பதும் தெரியும். எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். மூடியைக் கழற்றினால் இரண்டு நிமிஷம். ஆனாலும், "வெளிப்பெட்டிய ஒரு தடவை பாத்துடறேன் சார்" என்று பால்கனிக்குப் போனான், ஏன் போகிறான் என்று தெரியாமலே போனான்.

பால்கனியில் கொடியில் காய்ந்த தலையணை உறைகள், ஒரு உடைந்த நாற்காலி, பெட்டியின் விசிறி சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய குழாயில் வேர்த்திருந்தது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கண்ணுக்கே தெரிகிறது, கேஸ் நிறைய இருக்கிறது என்று குழாயே எழுதிக் காட்டுகிறது. அதைப் பிடித்தான். முன்பெல்லாம் இந்தக் குழாயைப் பிடித்தால் முழங்கைவரை ஜிவ்வென்று ஏறும், பழைய நண்பன் கை கொடுக்கிற மாதிரி. இப்போது கை ஈரமாகி இருப்பதைப் பார்த்தான், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உள்ளே எங்கோ 'டொக்' என்று கேட்டது, விசிறி மெதுவாகி நின்றது, கீழே தெருவில் ஒரு பைக் போகும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. இனி ஆறு நிமிஷம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

கால் மரத்துப்போனதைக் காட்ட ஒரு டாக்டரிடம் போனதை மனைவியிடம் சொல்லவில்லை. நான்கு மாதம் இருக்கும். வேலை முடித்துத் திரும்பும் வழியில், வேறொரு தெருவில், தெரிந்தவர் யாரும் வராத சின்ன கிளினிக். டாக்டர் இளைஞர், பொறுமையானவர், அவனைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, "கண்ண மூடிக்குங்க. நான் கால்ல ஒரு நூலால தொடுவேன், தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டான். காத்திருந்தான். வெளியே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது, கம்பவுண்டர் யாரையோ டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார், மேலே விசிறி ஒரு பக்கமாக ஆடி ஆடிச் சுற்றுகிற சத்தம், பேரிங் போய்விட்டது என்று நினைத்தான், டாக்டர் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தான். "முடிஞ்சுது, கண்ணத் தொறங்க" என்றார் டாக்டர். "ஆரம்பிக்கவே இல்லையே சார்" என்றான். டாக்டர் அவனைப் பார்த்தார், பிறகு மேசைக்குப் போய் எழுதினார். சர்க்கரை ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள், நரம்பு, காலில் ஆரம்பித்து இப்போது கைக்கும் வந்திருக்கிறது, மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது... "என்ன வேலை பாக்கறீங்க?" "கடை வச்சிருக்கேன் சார்." ஏன் அப்படிச் சொன்னான்? "நல்லது. கரண்ட், சூடு, கூரான சாமான் பக்கம் மட்டும் போகாதீங்க." கரண்ட், சூடு, கூரான சாமான். அவனுடைய பையில் இருப்பது அதைத் தவிர வேறென்ன? அந்தக் காகிதம் இப்போதும் பையின் அடியில்தான் இருக்கிறது, கேஸ் அளக்கிற கேஜ் பைப்புக்குக் கீழே, எண்ணெய் பட்டு நாலு மடிப்பும் ஒட்டிப்போய். மாத்திரை மட்டும் வாங்கினான், ஒன்றரை மாதம் சாப்பிட்டான், பிறகு தீர்ந்தது. திரும்பப் போகவில்லை. பயந்துபோய்ப் போகாமல் இருந்தால்கூட அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அவனுக்குப் பயமாகவும் இல்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தக்காளி நன்றாக இல்லை என்று அவள் சொன்னாள்.

'டொக்.' பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. எழுந்தான். உள்ளே போய், மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதை டெஸ்டர் வைத்து இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றினான். ஸ்க்ரூவைக் கண்ணால் பார்த்தபடியே திருகி, கண்ணால் பார்த்தபடியே சட்டைப் பையில் போட்டான். அதோ. எதிர்பார்த்த இடத்திலேயே. ஒரு மிளகு அளவு தலை, வால் மாதிரி கறுப்பு ஒயர், அறை எவ்வளவு சூடு என்று மோப்பம் பிடித்து மிஷினுக்குச் சொல்கிற சென்சார். அது கொக்கியில் மாட்டி, குளிர்கிற குழாய்ச் சுருளான காயிலுக்கு ஒரு விரற்கடை முன்னால், அறைக் காற்றில் நிற்க வேண்டும். கொக்கியிலிருந்து நழுவிக் காயிலின் மேலேயே சாய்ந்து கிடந்தது. காயில் குளிர்ந்த உடனே அதற்கும் குளிர்கிறது, அறையே குளிர்ந்துவிட்டது என்று அது மேலே சொல்லிவிடுகிறது. அதன்மேல் தப்பில்லை. யாரோ ஒருவன் அதைச் சரியாக மாட்டவில்லை.

மாட்டினானே... கழுவி முடித்து, துடைத்து, ஒயரைக் கையில் எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. கொக்கியில் வைத்து அழுத்தினான். அழுத்தினால் ஒரு 'டிக்' வரும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் நுனிக்கு மட்டும் கேட்கிற ஒன்று, ஆயிரம் தடவை கேட்ட விரல், அது வந்தால்தான் கையை எடுப்பான். அன்றைக்கு வந்ததா? வரவில்லை. வரவில்லை என்பதை அவன் கவனித்தானா? அதுதான் இப்போது மெல்ல மெல்ல மேலே வருகிறது, கொஞ்ச நாளாகவே அவன் விரலின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை, மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். அப்படியானால் இந்த நாலைந்து மாதத்தில் எத்தனை வீடு? இருபது? முப்பது? எத்தனை ஸ்க்ரூ, எத்தனை ஒயர் முனை, கரண்ட் ஓடுகிற முனைகள், இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டு வந்தவை... பேக்கரியின் மாடி, அந்த இரட்டைக் குழந்தைகள் வீடு, வக்கீல் ஆபீஸில் மூன்று ஏசி. சென்சார் நழுவினால் புழுக்கம், போன் செய்து கூப்பிடுவார்கள். முனை லூசாக இருந்தால் சூடேறும், கருகும், அது போன் செய்துவிட்டு வராது. இந்த நினைப்பு அவனுக்குள் பஸ் ஜன்னலில் ஊர் ஓடுகிற மாதிரி ஓடியது. பதற வேண்டும் என்று தெரிந்தது. பதறவில்லை.

"என்னாச்சு? ஏதாவது தெரியுதா?" என்றார் கீழிருந்து டைம்கீப்பர்.

"தெரியுது சார். டேபிள் ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

"ஐயோ, உள்ள பாம்பு கீம்பு இருக்கா?" என்று அந்த அம்மா காலைக் கட்டிலின் மேல் இழுத்துக்கொண்டார்.

"பாம்பு மூணாவது மாடிக்கு எதுக்கு வருது, நீ பேசாம இரு" என்றார் அவர்.

விசிறி நின்றது. அறை அமைதியானது. காதை மிஷினுக்குள் வைக்கிற மாதிரி தலையைச் சாய்த்து, சென்சாரைக் கொக்கியில் வைத்து அழுத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து, வளைவைக் கண்ணால் பார்த்து, திருப்பி வைத்தான். கேட்கவில்லை. கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்குள் இறங்குவது தெரிந்தது, முதுகுக்கு எல்லாம் தெரிகிறது, கைக்குத்தான்... மூன்றாம் தடவை. 'டிக்.' சின்னதாக, காய்ந்த விதை உடைகிற மாதிரி. ஒயரை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மெயினைப் போடச் சொன்னான்.

பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். டைம்கீப்பர் நோட்டில் நேரம் எழுதினார். நாலு நிமிஷம் ஆனது, பெட்டி நிற்கவில்லை. ஆறு ஆனது. எட்டு ஆனது. புறங்கையை நீட்ட அதுவாகவே எழுந்த கையைக் கீழே இறக்கிக்கொண்டு, "சார், நீங்க வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றான். டைம்கீப்பர் ஸ்டூலில் ஏறவில்லை, எட்டிக் கையை உயர்த்தினார், முகம் மாறியது. "அடேயப்பா" என்றார். தெர்மாமீட்டர் பதின்மூன்று காட்டியது. கட்டிலிலிருந்து அந்த அம்மா, "ஆங், இப்ப வருது, இப்ப வருது" என்று கழுத்துத் துண்டை எடுத்துவிட்டு முகத்தை மேலே தூக்கிக் காட்டினார், மூடி போட்ட கண்ணும் மூடி போடாத கண்ணும் மூடியிருந்தன.

"என்ன கோளாறு?" என்று பேனாவோடு நின்றார் டைம்கீப்பர்.

கேஸ் என்று சொல்லலாம். ஒயர் பழசு என்று சொல்லலாம். எலி என்றுகூடச் சொல்லலாம், நம்புவார். "கோளாறு ஒண்ணும் இல்ல சார். அன்னிக்கு நான்தான் ஒரு சாமானச் சரியா மாட்டல. என் தப்பு."

டைம்கீப்பர் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். "நான் ஒரு தடவை ஒரே ரூட்டுல ஒரே நேரத்துக்கு ரெண்டு பஸ்ஸ அனுப்பிட்டேன். முன்னாடி போனதுல நிக்க இடமில்ல. பின்னாடி போனது காலியாப் போய்க் காலியா வந்துச்சு. அந்த டிரைவர் இறங்கி வந்து, நல்லா காத்து வாங்குனேன் சார், தினமும் இப்படியே அனுப்புங்கன்னான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவனும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை விரித்தான்.

கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டிருந்தார். தட்டில் வைத்த எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை. அவன் டம்ளரின் வயிற்றில் விரல்களைச் சுற்றி எடுத்துக்கொண்டான்.

"ஐயையோ தம்பி, ஓரத்தப் பிடிங்க, இப்பத்தான் அடுப்புலேருந்து இறக்குனேன். தட்டே சுடுது எனக்கு" என்றவர், டம்ளரை விடாத அவனுடைய கையைப் பார்த்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "சுடலையா?"

"பழகிடுச்சும்மா" என்று சொல்லி ஒரு வாய் குடித்தான். நாக்கு சுட்டது. சுரீரென்று, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு வாயைத் திறந்து காற்று இழுத்தான், அந்த அம்மா, "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று தண்ணீர் எடுக்க ஓடினார். நாக்கின் நுனியைப் பல்லில் தேய்த்துப் பார்த்தான். வலித்தது. எத்தனை நாளாயிற்று நாக்கு சுட்டு... டீ என்றால் இப்படித்தான் இருக்கும் இல்லையா, அடுப்பிலிருந்து இறக்கிய டீ. வீட்டில் ஏன் இப்படி இருப்பதில்லை? வீட்டில் டீ கொஞ்ச காலமாகவே வெதுவெதுவென்றுதான் இருக்கிறது, அவனுக்கு அதில் குறைதான், அவளுக்கு வயதாகிறது, வேலைக்கு ஓடுகிற அவசரம், போட்டு வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள், போகட்டும் என்று குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். ஆனால் மறந்தால் ஆடை படிந்திருக்குமே. ஆடை இல்லை. நுரை இருக்கிறது. காலையில் அவன் சட்டை மாட்டும்போது சமையலறையில் ஒரு சத்தம் கேட்கும், டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு, ஆற்றுகிற சத்தம், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எட்டு, ஒன்பது... முன்பெல்லாம் அவள் ஆற்றுகிறவளே இல்லையே. கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள், சூடாக் குடிச்சாத்தான் டீ என்கிறவள். குளிக்கிற தண்ணீர்? அதையும் அவள்தான் விளாவி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். எப்போதிலிருந்து? கல்யாணமான நாளிலிருந்து அவன் வெந்நீரை அவனேதானே விளாவிக்கொள்வான், விரலை விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்...

மாடிப்படியில் முதல் திருப்பத்தில் நின்றான். வெயில் கட்டங்கள் சுவருக்கு ஏறியிருந்தன. மணி நாலாகப் போகிறது, பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். போனை எடுத்தான். பகலில் அவன் கூப்பிடுவது வழக்கமில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வேலை முடிஞ்சுது."

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

வேறென்ன சொல்வது? எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். கேட்டால் எது எப்போதிலிருந்து என்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் டாக்டர், காகிதம், கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னது, முப்பது வீடு, எல்லாம் வரிசையாக வெளியே வரும். அவள் போனை வைக்கவில்லை. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு அதை அவள் மூடுகிற சத்தம்.

"இங்க டீ குடுத்தாங்க" என்றான். "ரொம்ப சூடு. நாக்க சுட்டுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கை?" என்றாள்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வலது கையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். நான்கு விரலின் உள்பக்கமும் சிவந்திருந்தது, நடுவிரலில் தோல் லேசாகப் பளபளவென்று உப்பத் தொடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது, கேட்ட கேள்விக்கான பதிலுக்காகக் காத்திருக்கிறாள், எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறாளோ.